இரகசிய வருகையா, ஒரே வருகையா? கடைசிக்காலப் போதனைகளில் எதைப் பிடித்துக்கொள்வது

பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கல்யாணத்தோடு வீட்டுக்குள் நுழைகிறது. பெண் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மாப்பிள்ளை பெந்தெகொஸ்தே. அல்லது அம்மா சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துக்குப் போகிறவர், மகன் கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு புதிய சபையில் ஞானஸ்நானம் எடுத்தவன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், இயேசு திரும்பி வருவது எப்படி என்ற பேச்சு வந்தால் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள்.

மூன்று பேர் கேட்டதை வைத்து இதை எழுதுகிறேன். ஹெண்ணூரில் இருக்கும் ஒரு தங்கையின் ஏழு வயதுப் பையன், ஒரு வீட்டு ஜெபத்தில் 'கர்த்தர் வரும்போது நீ கைவிடப்பட்டால் என்ன செய்வாய்?' என்ற பிரசங்கத்தைக் கேட்டதிலிருந்து, ராத்திரியில் எழுந்து அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்கிறான். லிங்கராஜபுரத்து அண்ணன் ஒருவருக்கு லீஸ் முடிகிறது. வீட்டு லோன் போடலாம் என்றால், 'வருகை வாசலில் நிற்கிறது, இருபது வருஷ ஈஎம்ஐ எதற்கு?' என்று சபையில் கேட்கிறார்களாம். தங்கவயலிலிருந்து தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வேலைக்கு வரும் தம்பி கேட்டது வேறு மாதிரி: "தமஸ்கு நகரமே இல்லாமல் போகும் என்று ஏசாயா சொன்னார். அது இன்னும் இருக்கிறது. எசேக்கியேல் அளந்து காட்டிய தேவாலயத்தை யாரும் கட்டவில்லை. நிறைவேறாததை நம்பு என்று ஆபீஸ் நண்பனிடம் நான் எப்படிச் சொல்வது?"

இவர்கள் முன்னால் இருப்பது ஐந்து வழிகள். ஐந்தையும் விசுவாசமுள்ள கிறிஸ்தவர்கள் பிடித்திருக்கிறார்கள், இப்போதும் பிடித்திருக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு அளவுகோல் வைக்கிறேன்.

ஒன்று, கடினமான வசனங்களை அந்தப் போதனை எப்படிக் கையாளுகிறது. இவையெல்லாம் நடக்கும் முன் "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்ற மத்தேயு 24:34, கிறிஸ்து ஆளும் ஆயிரம் வருஷத்தைப் பேசும் வெளிப்படுத்தல் 20, தானியேல் 9-இன் எழுபது வாரங்கள், புதிய தேவாலயத்தை அளந்து காட்டும் எசேக்கியேல் 40 முதல் 48 வரை. இவற்றைத் தாண்டிக் குதிக்கிற போதனை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நிற்காது.

இரண்டு, சரித்திரத்தில் அதைப் பின்பற்றியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள். மூன்று, வீட்டுக்குள் என்ன செய்கிறது: பிள்ளைகளின் தூக்கம், படிப்பு, கடன், வியாதிப் படுக்கை. நான்கு, சபையிலும் குடும்பத்திலும் அதற்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை.

இன்றைய செய்திக்குப் பொருந்துகிறதா என்பதை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. காரணம் இருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் 1981-இல் கிரீஸ் சேர்ந்தபோது உறுப்பு நாடுகள் பத்து ஆயின. வெளிப்படுத்தல் சொல்லும் மிருகத்தின் பத்துக் கொம்புகள் வந்துவிட்டன என்று மேடைக்கு மேடை பேசினார்கள். 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டு ஆனது. அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுப் பயந்தவர்களிடம் யாரும் திரும்பி வந்து பேசவில்லை. முசோலினி, ஹிட்லர், சோவியத் யூனியன், பார்கோடு, நம் காலத்தில் ஆதார் எண், தடுப்பூசி என்று எல்லாமே இப்படித்தான் பொருத்திப் பார்க்கப்பட்டன.

## முதலில், நிறைவேறாதவற்றைப் பற்றி

தங்கவயல் தம்பியின் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் ஐந்து வழிகளும் பிரிகிற இடம் இதுதான். நிறைவேறாத தீர்க்கதரிசனம் எல்லாம் ஒரே வகை இல்லை.

சில, நிறைவேறக் கூடாது என்பதற்காகவே சொல்லப்பட்டவை. இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்ந்துபோகும் என்று யோனா கூவினார். ஊர் மனந்திரும்பியது, அழிவு வரவில்லை. சீயோன் வயலைப்போல உழப்படும் என்று மீகா சொன்னார். நூறு வருஷத்துக்குப் பின் எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூடியபோது, தேசத்தின் மூப்பர் சிலர் எழுந்து அந்த மீகாவின் வார்த்தையை அப்படியே எடுத்துச் சொல்லி, எசேக்கியா ராஜா கர்த்தருக்குப் பயந்தான், கர்த்தரும் அந்தத் தீங்கைச் செய்யவில்லை, இல்லையா என்று கேட்டார்கள். எரேமியா 26-இல் இருக்கிறது. மீகாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று அந்த மூப்பர்கள் நினைக்கவில்லை, அவர் பேச்சு வேலை செய்தது என்று நினைத்தார்கள். குயவன் வீட்டில் எரேமியா கேட்ட வார்த்தையும் (18:7-10) இதையே விதியாகச் சொல்கிறது: அழிப்பேன் என்று நான் சொன்ன ஜாதி திரும்பினால் நானும் மனம் மாறுவேன்.

சில, ஒரு பங்கு நடந்து ஒரு பங்கு நின்றவை. தீரு பட்டணத்தை நேபுகாத்நேச்சார் நொறுக்குவான் என்று எசேக்கியேல் 26 சொல்கிறது. நீண்ட முற்றுகை நடந்தது. ஆனால் மூன்று அதிகாரம் தள்ளி, 29-இல், அதே எசேக்கியேல் எழுதுகிறார்: சேனையின் தலைகள் மொட்டையாயின, தோள்கள் தோலுரிந்தன, ஆனாலும் தீருவினால் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை, அதற்குப் பதில் எகிப்தைக் கொடுக்கிறேன் என்று. தீர்க்கதரிசியே தன் புத்தகத்தில் இதை மறைக்காமல் வைத்திருக்கிறார். பின்னால் கி.மு. 332-இல் அலெக்சாந்தர் கடலில் மண்பாதை போட்டுத் தீவுக் கோட்டையைப் பிடித்தான். லெபனானில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது, மக்கள் வாழ்கிறார்கள். தமஸ்குவும் அப்படியே: கி.மு. 732-இல் அசீரியர் பிடித்தார்கள், ராஜ்யம் போனது, நகரம் போகவில்லை.

மீதி இருப்பவைதான் உண்மையான காத்திருப்பு. பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கும் நாள். மரித்தோர் எழும்புவது. எசேக்கியேல் 47-இல் தேவாலயத்து வாசற்படியிலிருந்து புறப்படும் தண்ணீர் உப்புக்கடலில் விழுந்து, எங்கேதி கரையில் மீன்பிடிக்கிறவர்கள் வலை விரித்து உலர்த்துகிறார்கள். இன்றைக்கு அந்தக் கடல் வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றாவது வகையை எங்கே வைப்பது? எல்லாம் எதிர்காலத்தில் அப்படியே நடக்குமா, அடையாளமா, ஏற்கெனவே முடிந்ததா? இனி ஒவ்வொன்றாக.

## வழி 1: இரகசிய வருகை

சபை முதலில் எடுத்துக்கொள்ளப்படும். பின் ஏழு வருஷ உபத்திரவம், அந்திக்கிறிஸ்து. அதன் முடிவில் கிறிஸ்து எல்லோரும் காண வருவார், எருசலேமிலிருந்து ஆயிர வருட அரசாட்சி, பிறகு வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு. பெங்களூரில் தமிழ்ப் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் பெரும்பாலும் கேட்பது இதுதான். பலருக்கு இதைத் தவிர வேறு போதனை இருப்பதே தெரியாது.

இதை இந்த உருவத்தில் அமைத்தவர் பிரதரன் சபைகளின் ஆரம்பத் தலைவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி, 1830-களில். அமெரிக்காவில் ஸ்கோஃபீல்டு 1909-இல் வெளியிட்ட அடிக்குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. பிரதரன் ஊழியர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1833-இல்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இஸ்ரவேலுக்குச் சொன்ன வாக்குறுதியை இஸ்ரவேலுக்கே வைக்கிறது. எசேக்கியேலின் தேவாலயம் என்றால் தேவாலயம், ஆறு என்றால் ஆறு. நிறைவேறாதவற்றுக்கு இது கொடுக்கும் பதில் நேரடியானது: இன்னும் காலம் வரவில்லை. அதோடு, வருகை நாளைக்கே இருக்கலாம் என்று உண்மையாக நம்பி, கடனையும் பகையையும் தீர்த்துவிட்டுப் படுக்கிற மூதாட்டிகளை டேனரி ரோடு பக்கத்துச் சபைகளில் பார்த்திருக்கிறேன். அந்த எதிர்பார்ப்பு போலி இல்லை.

வசனத்தில் இடறும் இடங்களும் தெளிவானவை. இரண்டு வருகைகளை ஏழு வருஷ இடைவெளியோடு ஒரே இடத்தில் சொல்கிற வசனம் எதுவும் இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4-இல் ஆரவாரமும் தூதனின் சத்தமும் எக்காளமும் இருக்கின்றன. இரகசியம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. தானியேல் 9-இல் (ஒரு வாரத்தை ஏழு வருஷமாக எண்ணுகிறார்கள்) அறுபத்தொன்பதாம் வாரத்துக்கும் எழுபதாம் வாரத்துக்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷம் காத்திருப்பதாக வசனம் சொல்லவில்லை, நாம் வைக்கிறோம். எசேக்கியேலின் தேவாலயத்தில் பாவநிவாரண பலி உண்டு. ஒரே தரம் செலுத்தப்பட்ட பலி போதும் என்று எபிரெயர் 10 சொன்ன பிறகு அந்தப் பலி எதற்கு? நினைவுக்காக என்று பதில் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

சரித்திரம் இன்னும் வலிக்கிறது. அத்திமரம் துளிர்ப்பது இஸ்ரவேல் நாடு 1948-இல் பிறந்ததைக் குறிக்கிறது, ஒரு சந்ததி நாற்பது வருஷம், ஆகவே 1988 என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. லூக்கா 21:29-ஐத் திறந்தால், இயேசு 'அத்திமரத்தையும் மற்ற எல்லா மரங்களையும்' பாருங்கள் என்கிறார். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று ஒரு இயக்கம் நாள் குறித்தது. வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அதன் தலைவர் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். மக்கள் கொடுத்த பணத்தில் அவர் வாங்கி வைத்திருந்த பத்திரங்கள் 1993-இல் முதிர்பவை. நமக்குப் பக்கத்திலும் நடந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான வித்வான் குட்டி என்ற ஜஸ்டஸ் ஜோசப், திருவிதாங்கூரில் 1881-இல் வருகை என்று அறிவித்து மக்களைத் திரட்டினார். அவர் டார்பியின் கணக்கைப் போட்டவர் அல்ல. நாள் குறிக்கும் ஆசை எந்தப் போதனைக்கும் வரும். ஆனால் 'எந்த நிமிஷமும்' என்று சொல்லும் போதனைக்கு அது சீக்கிரம் வருகிறது. இதைக் கற்பிக்கும் நல்ல போதகர்கள் நாள் குறிப்பதைக் கண்டிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, பயம். கைவிடப்படுவோமோ என்ற பயத்தை ஒரு பிள்ளை மேல் ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். இரண்டாவதை நம் சபைகளில் யாரும் பேசுவதில்லை: மேற்கு ஆசியாவில் குண்டு விழும் ஒவ்வொரு முறையும் அதை 'அடையாளம்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு, செத்தவர்களுக்காக அழும் பழக்கம் போய்விடுகிறது. பெத்லகேமிலும் காசாவிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதே வேதத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

## வழி 2: ஒரே வருகை, உபத்திரவத்துக்குப் பின்

சபை உபத்திரவத்தின் ஊடே போகும். கிறிஸ்து ஒரே தரம், எல்லோரும் காண வருவார். அதன்பின் ஆயிரம் வருஷ ஆட்சி இந்தப் பூமியிலேயே.

இது பழையது. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின், லியோன் நகரத்துப் பிஷப் ஐரேனியஸ் இருவரும் ஆயிர வருட ஆட்சியை நம்பினார்கள். இரண்டு பேரும் ரோமர்களின் துன்புறுத்தலை நேரில் கண்டவர்கள். ஜஸ்டின் அதிலேயே உயிரை விட்டார். அதே ஜஸ்டின், தூய்மையான விசுவாசமுள்ள கிறிஸ்தவர்கள் பலர் இதில் வேறு விதமாக நினைக்கிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். இந்த விஷயத்தில் நமக்கு வேண்டிய குணம் அது.

பலம்: வெளிப்படுத்தல் 20-ஐ நேராக வாசிக்கலாம், இரண்டு வருகை என்று பிரிக்க வேண்டியதில்லை. ஏசாயா சொன்ன சமாதானம் இந்த மண்ணிலேயே நடக்கும் என்ற நம்பிக்கையை விடவும் வேண்டாம். தப்பித்துப் போவதை வாக்குப்பண்ணாததால், துன்பம் வரும்போது விசுவாசம் ஆட்டம் காண்பதில்லை. கேன்சர் வார்டிலோ, சபைக்கு வந்து மிரட்டிவிட்டுப் போன மறுநாளிலோ இதன் அருமை தெரியும்.

பலவீனம்: உயிர்த்தெழுந்தவர்களும் சாதாரண மனிதர்களும் ஆயிரம் வருஷம் ஒரே பூமியில் எப்படி இருப்பார்கள், கடைசியில் எதிர்த்து எழும் கோகு மாகோகு என்ற கூட்டம் எங்கிருந்து கிளம்பும் என்பதற்கு நல்ல பதில் கிடையாது. முழுக் கட்டடமும் ஒரே அதிகாரத்தின் மேல் நிற்கிறது. செலவு: பெங்களூரில் இதை இந்தப் பெயரில் கற்பிக்கும் தமிழ்ச் சபையைத் தேடினால் அலைய வேண்டியிருக்கும். பெந்தெகொஸ்தே வீட்டில் 'விசுவாசக் குறைவு' என்பார்கள், சிஎஸ்ஐ வீட்டில் 'இதெல்லாம் எதுக்கு?' என்பார்கள்.

என் மனம் நிற்பது இங்கேதான். கட்டாயப்படுத்தாமல் சொல்கிறேன்.

## வழி 3: ஆயிரம் வருஷம் இப்போதே

கிறிஸ்து சிலுவையில் ஜெயித்து, இப்போது பரலோகத்திலிருந்து ஆள்கிறார். அந்தக் காலம் முழுவதற்கும் வெளிப்படுத்தல் வைத்த அடையாள எண் ஆயிரம். கடைசியில் ஒரே வருகை, ஒரே உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு, புதிய வானம் புதிய பூமி. அகுஸ்தீன் முதலில் ஆயிர வருட ஆட்சியை நம்பி, பிறகு மாறி, 5-ஆம் நூற்றாண்டில் இதை நிலைநிறுத்தினார். கத்தோலிக்கத் திருச்சபை இதன்மேல் நிற்கிறது. லுத்தரன்கள் 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் பூமிக்குரிய ஆயிர வருட ராஜ்யத்தை ஏற்க மறுத்தார்கள். சிஎஸ்ஐ ஐயர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இதற்குப் பக்கத்தில்தான் பதில் வரும்.

வெளிப்படுத்தலில் ஏழு, பன்னிரண்டு, 1,44,000 எல்லாம் அடையாளமாக இருக்கும்போது ஆயிரம் மட்டும் காலண்டர் கணக்கு ஆவானேன் என்று இவர்கள் கேட்பது நியாயம். பிரேதக்குழிகளில் உள்ள அனைவரும் ஒரே வேளையில் அவர் சத்தத்தைக் கேட்பார்கள் என்ற யோவான் 5:28-29 இவர்கள் பக்கம் பலமாக நிற்கிறது. நாள் குறிக்கும் நோய் இங்கே அதிகம் பரவியதில்லை.

ஆனால் வெளிப்படுத்தல் 20 சொல்லும் ஆயிரம் வருஷம் இதுதான் என்றால், அதில் சொன்னபடி சாத்தான் இப்போது கட்டப்பட்டிருக்கிறான் என்பதை, செய்தித்தாள் வாசிக்கிற ஒருவரிடம் விளக்குவது கஷ்டம். இன்னொரு உறுத்தல்: இஸ்ரவேலின் வாக்குறுதிகளை எல்லாம் சபைக்கு மாற்றிக்கொண்ட பேச்சு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டு யூதர்களை இழிவாக நடத்தத் துணைபோயிருக்கிறது. இந்த வழியைப் பிடிப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டே பிடிக்க வேண்டும்.

நம் ஊரில் இதன் பெரிய செலவு மௌனம். அட்வென்ட் ஞாயிறுகளில் இரண்டாம் வருகை வாசிப்பு வரும். பிரசங்கம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போய்விடும். வெளிப்படுத்தலைப் பற்றி யாரும் வாயே திறக்காத சபையில் வளர்ந்த பிள்ளைக்கு அதை யூடியூப் கற்றுக்கொடுக்கிறது. கற்றுக்கொடுக்கும் விதமும் நமக்குத் தெரியும்.

## வழி 4: உலகம் சுவிசேஷத்தால் மாறும், பிறகு அவர் வருவார்

பரலோக ராஜ்யம் மெல்ல வளரும் என்று இயேசு சொன்ன கடுகு விதை, புளித்த மாவு உவமைகள் இதன் வசனங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் இதை நம்பினார். 1793-இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரியின் தலைமுறையை இந்த நம்பிக்கைதான் கப்பல் ஏற்றியது. முதல் உலகப் போருக்குப் பின் இது வெகுவாகச் சுருங்கியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நீண்ட காலத்துக்குக் கட்டுகிற மனம் இதிலிருந்து வரும், அது நல்லது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 2.3 சதவீதமாக இருக்கும் நமக்கு, உலகம் முழுதும் நம் பக்கம் திரும்பும் என்ற பேச்சு அதிகார ஆசையாக மாறினால் அண்டை வீட்டாரோடு உறவு கெடும். நம் சபைகளில் இதைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் யாருக்கும் வருவதில்லை.

## வழி 5: பெரும்பாலானவை கி.பி. 70-இலேயே முடிந்தன

மத்தேயு 24 பேசுவது உலக முடிவை அல்ல, எருசலேம் தேவாலயத்தின் முடிவை என்பது இவர்கள் வாதம். தேவாலயக் கட்டடத்தைக் காட்டிய சீஷர்களிடம்தான் இயேசு இதைப் பேசத் தொடங்கினார். சேனைகள் எருசலேமைச் சூழ்வதைக் காணும்போது மலைகளுக்கு ஓடுங்கள் என்று லூக்கா 21 சொல்கிறது. கி.பி. 70-இல் ரோமத் தளபதி டைட்டஸின் படை தேவாலயத்தை எரித்தது. ஆகவே 'இந்தச் சந்ததி' என்றது உண்மையிலேயே அந்தச் சந்ததியைத்தான். நாற்பது வருஷத்துக்குள் நடந்தது. மிருகத்தின் எண்ணான 666, ரோமப் பேரரசன் நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்தில் கூட்டினால் வரும் எண். இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு ஆதார் கார்டு பயமுறுத்தாது.

மத்தேயு 24:34-க்கு ஐந்து வழிகளில் இதுவே சுத்தமான பதில். இயேசு தவறிப்போனார் என்று சொல்லும் நண்பனுக்கு முன்னால் இது பெரிய துணை. ஆனால் வெளிப்படுத்தல் கி.பி. 70-க்கு முன் எழுதப்பட்டிருந்தால்தான் முழு வாதமும் நிற்கும். ஐரேனியஸ் அதைப் பேரரசன் டொமிஷியன் காலத்து முடிவில், அதாவது 95 வாக்கில், வைக்கிறார். இன்னும் பெரிய அபாயம் ஒன்று: எல்லாமே முடிந்துவிட்டது, உயிர்த்தெழுதலும் நடந்தாயிற்று என்று சிலர் கடைசிவரை போகிறார்கள். உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்றவர்களைப் பவுல் 2 தீமோத்தேயு 2-இல் பெயர் சொல்லிக் கண்டித்தார். பாதிவரை போகலாம். முழுதும் போனால் கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு வெளியே போய்விடுகிறோம். மத்தேயு 24-இன் முதல் பாதியை இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, மீதிக்கு வழி 2-க்கோ 3-க்கோ போவது நன்றாகவே பொருந்தும். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | வருகை | ஆயிரம் வருஷம் | எசேக்கியேலின் தேவாலயம் | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| 1. இரகசிய வருகை | இரண்டு கட்டம் | வருகைக்குப் பின், பூமியில் | இனி கட்டப்படும் | பயம், நாள் குறிக்கும் ஆசை |
| 2. உபத்திரவத்துக்குப் பின் | ஒன்று | வருகைக்குப் பின், பூமியில் | கருத்து வேறுபாடு உண்டு | தனியாக நிற்க வேண்டியிருக்கும் |
| 3. இப்போதே ஆட்சி | ஒன்று | இப்போது, அடையாள எண் | கிறிஸ்துவில், புதிய பூமியில் | மௌனம் |
| 4. உலகம் மாறும் | ஒன்று | வருகைக்கு முன் | சபையின் வளர்ச்சி | அதிகார ஆசை |
| 5. கி.பி. 70 | ஒன்று (முழுதும் போகாதவர்களுக்கு) | பெரும்பாலும் இப்போது | அடையாளம் | எல்லை தாண்டும் அபாயம் |

## யாருக்கு எது

ஹெண்ணூர்த் தங்கைக்கு: பையன் வளரும்வரை வீட்டில் வழி 3-ஐப் பேசுங்கள், மாமியார் வழி 1-இல் இருந்தாலும் பரவாயில்லை. அவரிடம் சண்டை வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 4-ஐ அவரோடேயே உட்கார்ந்து கடைசி வசனம் வரை வாசியுங்கள்: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." செத்துப்போனவர்களை நினைத்து அழுத ஒரு சபைக்குப் பவுல் எழுதிய ஆறுதல் அது. கல்பள்ளிக் கல்லறையிலும் இதே வசனத்தைத்தான் வாசிக்கிறோம். அதைப் பிள்ளையை மிரட்ட எடுப்பது பவுலின் நோக்கத்துக்கே எதிரானது. பாட்டியும் அம்மாவும் ஒரே வார்த்தையைச் சொன்னால் பையன் தூங்குவான்.

லிங்கராஜபுரத்து அண்ணனுக்கு: எந்த வழியைப் பிடித்தாலும் லோன் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். எருசலேம் விழும் என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர் எரேமியா. பாபிலோன் படை மதிலைச் சுற்றி நிற்கிறது, அவரோ காவல் முற்றத்தில் கைதி. அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சி வைத்து, பணத்தைத் தராசில் நிறுத்து, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைத்துப் பத்திரப்படுத்தச் சொன்னார். இன்றைய சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் நடப்பதற்கு அது அதிகம் குறைந்தது இல்லை. வருகை சமீபம் என்று வேலையை விட்ட தெசலோனிக்கேயருக்கும் பவுல் சொன்னது, உழைத்துச் சாப்பிடுங்கள் என்பதே. ஈஎம்ஐ உங்கள் சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் வழி 1-லேயே இருக்கலாம், மாற வேண்டாம். ஆனால் காணிக்கை கேட்டுத் தனக்குக் கட்டடம் கட்டுகிற சபை, உங்களை வீடு கட்டாதே என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

தங்கவயல் தம்பிக்கு: ஆபீஸ் நண்பனிடம் பேச வழி 5-இன் முதல் பாதியும் வழி 2-உம் சேர்ந்து உதவும். தமஸ்குவைப் பற்றிக் கேட்டால் கி.மு. 732-ஐச் சொல்லுங்கள். எல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்தது என்று வாதாடப் போகாதீர்கள்; எசேக்கியேல் 29-ஐத் திறந்து காட்டுங்கள். தன் தீர்க்கதரிசனத்தின் குறையை மறைக்காத புத்தகத்தை நண்பன் மதிப்பான். பட்டயங்கள் மண்வெட்டி ஆகவில்லையே என்று கேட்டால், ஆகவில்லை, அதற்குத்தான் காத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

உண்மையிலேயே துன்பத்தின் நடுவில் இருக்கும் குடும்பங்களுக்கு வழி 2-ஐத் தயங்காமல் சொல்வேன். நாள் குறித்த ஒரு சபையில் காயப்பட்டு வந்தவர்களுக்கு வழி 3, குறைந்தது சில வருஷங்களுக்கு.

## சபை மாறும் முன்

கல்யாணத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ சபை மாறுகிறீர்கள் என்றால், அங்கே இது கட்டாயமா, விருப்பமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையின் பதினாறு அடிப்படை சத்தியங்களில் சபை எடுத்துக்கொள்ளப்படுதலும் ஆயிர வருட அரசாட்சியும் தனித்தனியாக இருக்கின்றன; அங்கே போதகராகவோ கற்பிப்பவராகவோ நிற்க அவற்றை ஏற்க வேண்டியிருக்கும். 1947-இல் உருவான சிஎஸ்ஐ, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் ஏற்றுக்கொண்டு நிற்கிறது. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் மகிமையோடு திரும்ப வருவார், அவர் ராஜ்யத்துக்கு முடிவில்லை என்பதைத் தாண்டி அங்கே கால அட்டவணை கேட்க மாட்டார்கள். கத்தோலிக்கராக இருந்தால், ஆயிர வருட பூமி ஆட்சியை மென்மையான வடிவத்திலும்கூடத் திருச்சபை ஏற்பதில்லை. 1944-இலேயே ரோம் அதைச் சொல்லிவிட்டது.

சாதாரண அங்கத்தினராக ஆராதனைக்கு வந்து போவதற்கு எந்தப் பாஸ்டரும் இதைக் கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. ஞாயிற்றுப் பள்ளியில் பாடம் எடுக்கவோ, வீட்டு ஜெபத்தை நடத்தவோ அழைக்கும்போதுதான் பேச்சு வரும். அப்போது 'எனக்கு இந்த ஒரு விஷயத்தில் வேறு எண்ணம் இருக்கிறது, பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன், ஆனால் இல்லாததைச் சொல்லவும் மாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல போதகர் அதை ஏற்றுக்கொண்டு உங்களுக்கு ஆதியாகமம் வகுப்பையோ சங்கீத வகுப்பையோ கொடுப்பார். ஏற்க மறுத்தால், மறுத்தது எதற்காக என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம்.